மூன்றாவது கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார்?

செம்பாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், அங்கே குடியிருப்போர் நலச்சங்கம் உயிரோடு இருக்கிறதா என்பது முனையிலேயே தெரிந்துவிடும். பெயர்ப்பலகையின் அடியில் நாலு அரளியும் ஒரு நந்தியாவட்டையும் நின்று, மண்ணும் ஈரமாக இருந்தால் சங்கம் இயங்குகிறது. செடியைக் காக்கும் இரும்புக்கூண்டு துருப்பிடித்துச் சாய்ந்து, செடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பைகள் அடைந்து கிடந்தால் ஒருகாலத்தில் இயங்கியது. தென்சென்னைப் புறநகர் முழுக்க இந்த இரண்டு காட்சிகளும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. ஒரே மண், ஒரே மழை, ஏறக்குறைய ஒரே வருமானமுள்ள மக்கள். அப்படியிருக்க ஒரு தெரு பூக்கவும் பக்கத்துத் தெரு வாடவும் என்ன காரணம்?

‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்பது எல்லோர் வாயிலும் வரும் பதில். அதை என்னால் ஏற்க முடியவில்லை. மரக்கன்று நடும் நாளில் இங்கே ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், ஐ.டி. நிறுவன ஊழியர்கள் என்று கூட்டம் சேர்கிறது. பஞ்சம் அதற்குப் பிறகுதான். நட்ட இடத்தின் மீது அவர்களுக்கு ஏதாவது உரிமை உண்டா, கையெட்டும் தூரத்தில் தண்ணீர் உண்டா, எடுத்துச் சொன்னால் கேட்கும் அலுவலர் ஒருவர் உண்டா? இந்த மூன்றும் அமைந்த இடங்கள் தழைத்திருக்கின்றன. அமையாத இடங்களில் அக்கறை மிகுந்தவர்களும் இரண்டு கோடைக்குள் ஓய்ந்துவிடுகிறார்கள். செம்பாக்கத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் முன்வைத்து, வேறு சில ஊர்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டு இதை நிறுவ முயல்கிறேன்.

பொது இடத்தைக் கூலி வாங்காமல் துப்புரவாக வைப்பது நமக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதல்ல. 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரப் படையைக் கையில் ஏந்தித் தலந்தோறும் போய், கோயில் பிராகாரத்தில் மண்டிய புல்லையும் முள்ளையும் செதுக்கினார். எந்தச் சிவாலயத்தில் அவர் திருமேனியைப் பார்த்தாலும் அந்தக் கருவி உடனிருக்கும். அவர் வழியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துப்போய் உழவாரப் பணி செய்யும் குழுக்கள் இன்றும் உண்டு. திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பராமரித்துப் பெருமாளுக்கு மாலை கட்டினார் தொண்டரடிப்பொடி ஆழ்வார். பக்தியை மட்டும் நம்பி அந்த நந்தவனங்கள் விடப்படவில்லை என்பதை நாம் மறந்துவிட்டோம். பூந்தோட்டத்துக்கென்று நிலம் ஒதுக்கி, ‘திருநந்தவனப்புறம்’ என்று கல்லில் வெட்டி, தோட்டம் காப்பவரின் பிழைப்புக்கு வழிசெய்தவர்கள் சோழர் காலத்து மக்கள். பராமரிப்புக்கு முதலில் ஏற்பாடு, பிறகே செடி.

ஏரிகளுக்குக் குடிமராமத்து இருந்தது. ஊரார் கூடிக் கரையை உயர்த்தி, மதகைச் சீர்செய்து, வரத்துக்கால்வாயைத் தூர்வாருவார்கள். ஏரி நீரில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் அரசின் கைக்குப் போக, உழைப்பு மட்டும் மக்களின் கடமையாக எஞ்சியது. 1858இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அந்த உழைப்பைப் பெற வேண்டிய நிலை வந்தது. உரிமையைப் பறித்துவிட்டுக் கடமையை நினைவூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சட்டமே சான்று. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் கொண்டுவந்தபோது பணமும் வந்தது. ஊராரின் பழைய அதிகாரம் முழுதாகத் திரும்பவில்லை.

நகர்ப்புறத்துக்கு வருவோம். சென்னையில் தெரு அளவிலான தன்னார்வம் ஓர் இயக்கமாக உருப்பெற்றது 1980களின் இறுதியில், எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா வழியாக. தெருவாசிகள் சங்கமாகச் சேர்ந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் போட்டு, மூன்றுசக்கர வண்டி வாங்கி, ஓர் ஆளை அமர்த்தி, வாசல் வாசலாகக் குப்பை எடுக்க வைத்தார்கள். குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்த முனைகள் காலியாயின. காலியான இடத்தில் என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் பல தெருக்களில் செடி வந்தது. ஆகவே தோட்டம் இரண்டாவது படி. குப்பைக்கு ஒரு வழி செய்யாமல் அதில் கால் வைக்க முடியாது.

பம்மல் சங்கரா நகரில் 1990களில் சில பெண்கள் மகளிர் மன்றம் அமைத்துத் தங்கள் தெருவைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் அந்த முயற்சி மக்கும் குப்பையை மண்புழு உரமாக்கும் வேலையாக வளர்ந்து, பின்னாளில் நகராட்சியோடு கைகோத்துப் பெரிய பரப்பில் திடக்கழிவைக் கையாளும் அமைப்பாயிற்று. வீட்டு வேலை முடித்துவிட்டுத் தெருவுக்கு வந்த இல்லத்தரசிகள் தொடங்கிய வேலை இது. பம்மலும் செம்பாக்கமும் இன்று ஒரே தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கின்றன. இந்த அனுபவத்தை வெளிநாட்டில் போய்த் தேட வேண்டியதில்லை. பேருந்து ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம்.

குப்பைமேடான முனை தோட்டமாகும் விதத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முதல் நாள் மண்வெட்டியும் பாண்டுமாகப் பத்துப் பேர் கூடி அள்ளிப்போடுகிறார்கள். அடியில் வருடக்கணக்காக மட்கிய கறுப்பு மண்ணோடு பால் கவர்களும் உடைந்த பீங்கானும் வருகின்றன. சுண்ணாம்புத் தூள் தூவி, சுவருக்கு வெள்ளையடித்து, செம்மண் கொட்டிச் செடி வைக்கிறார்கள். மறுநாள் விடியுமுன் பைக்கில் போகும் யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் ஒரு பையை வீசிவிட்டுப் போவார். அந்த ஒற்றைப் பைதான் முக்கியம். பத்து மணிவரை அது அங்கே கிடந்தால் மாலைக்குள் இருபது பைகள் சேர்ந்துவிடும். ஆறரைக்கே ஒருவர் அதை எடுத்துவிட்டால் இடம் தப்பிக்கிறது. இப்படி இரண்டு மூன்று மாதம் எடுக்க வேண்டும், திட்டாமல், சண்டை போடாமல். பல நகராட்சிகளில் தூய்மைப் பணியாளர்களே இத்தகைய முனைகளைப் பெருக்கிக் கோலம் போட்டு வைக்கிறார்கள். கோலத்தின் மேல் குப்பை போட நம் கை கூசும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். பெங்களூரில் 2010இல் ‘தி அக்லி இந்தியன்’ என்ற பெயரில், தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிய குழுவினரும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். இடத்தைச் சுத்தம் செய்து, சுவரின் கீழ்ப்பகுதியில் செங்காவி பூசி, பூந்தொட்டி வைத்துவிட்டு, அதன்பின் அந்த இடத்தைக் கண்காணிப்பார்கள்.

அழகுக்கு இவ்வளவு பாடு தேவையா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரம் பதில் வைத்திருக்கிறது. அங்கே பாழடைந்து கிடந்த 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில மனைகளில் குப்பையை அகற்றிப் புல் விதைத்து, சில மரங்களை நட்டு, தாண்டிப் போகக்கூடிய உயரத்தில் சின்ன மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். வறிய பகுதிகளில் பசுமையாக்கிய மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. மனச்சோர்வாக இருப்பதாகச் சொன்னவர்களின் விகிதமும் கணிசமாகக் குறைந்தது. நம் ஊரின் சிக்கல்கள் வேறு என்றாலும், அந்த மனைகளைத் தொடர்ந்து பராமரித்தார்கள் என்ற விவரத்தைக் கவனிக்க வேண்டும். புல் வெட்ட ஆள் இருந்தார்கள், அவர்களுக்குச் சம்பளம் இருந்தது. ஒருநாள் விழா எடுத்துவிட்டுப் போயிருந்தால் ஆய்வில் எழுத எதுவும் கிடைத்திருக்காது.

இனி, இடம் யாருடையது என்ற கேள்வி. தாம்பரம் பக்கத்தில் அழகுபடுத்த விரும்பும் எந்தச் சங்கமும் முதலில் இதில்தான் முட்டிக்கொள்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சங்கத்துக்காரர்கள் வாயில் புழங்குவது இதுதான். ஆனால் வயல்கள் மளமளவென்று மனைகளான காலத்தில் அங்கீகாரமே இல்லாமல் விற்கப்பட்ட மனைகள் புறநகரில் ஏராளம். வரைபடத்தில் ‘பூங்கா’ என்று பச்சை வண்ணம் அடித்துக் காட்டிய இடம், தானப்பத்திரம் எழுதப்படாததால் பின்னால் வீடாகிப்போன கதை பல நகர்களில் உண்டு. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடைவிதித்த பிறகுதான் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. அதற்குள் கைவிட்டுப்போன திறந்தவெளிகளைத் திருப்பி எடுப்பது கடினம்.

இந்தப் புறநகரில் தோட்டக்கலை அறிந்தவரைவிட வில்லங்கச் சான்றும் மனைப்பிரிவு வரைபடமும் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர் ஒருவர் சங்கத்தில் இருப்பது பெரிய பலம் என்று சொல்வேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, இடம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகு வேலியும் வேம்பும் வைத்தவர்களின் பூங்கா நிலைத்திருக்கிறது. செடி வைத்துவிட்டுப் பத்திரத்தைத் தேடியவர்கள் பொக்லைன் வந்த அன்று நெஞ்சடைத்து நின்றார்கள்.

இடம் உறுதியானாலும் எதை நடுவது என்பதில் நாம் நிறையப் பிழை செய்திருக்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூவின் நிறத்துக்காகவும் விரைந்து வளரும் என்பதற்காகவும் நாம் வரிசையாக நட்ட நெருப்புக்கொன்றையும் இயல்வாகையும் பெருமளவில் விழுந்தன. மரத்தின் குணம் ஒரு காரணம். வேரைச் சுற்றி நாம் செய்து வைத்தவை இன்னொன்று. அடிமரம்வரை சிமென்ட் பூசுகிறோம், பேவர் பிளாக் பதிக்கிறோம், மழைநீர் வடிகாலுக்கு ஒரு பக்க வேரை மொத்தமாக வெட்டுகிறோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது 2013இல். நம் தெருக்களில் அந்த ஒரு மீட்டர் எங்கே? சென்னையில் 2005இல் தொடங்கப்பட்ட ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரங்களில் அடிக்கப்பட்ட விளம்பர ஆணிகளைப் பிடுங்குவதையும் வேரைச் சுற்றி மண்ணைத் திறந்துவிடுவதையும் ஒரு பணியாகவே செய்துவருகிறார்கள். அடையாற்றின் கரையில் குப்பை கொட்டிக்கிடந்த நிலத்தை அவர்கள் கோட்டூர்புரம் மரப்பூங்காவாக மாற்றினார்கள். அங்கே போய் ஒரு மணி நேரம் நடந்தால் நம் மண்ணுக்குரிய மரங்கள் எவை என்று கண்ணால் கற்றுக்கொள்ளலாம்.

அழகு என்ற பெயரில் சமீப காலத்தில் வந்த பெரிய தவறு கோனோகார்ப்பஸ். மாடு மேயாது, எப்போதும் பச்சை, வெட்டவெட்டத் துளிர்க்கும். சங்கங்களும் ஒப்பந்ததாரர்களும் இதைச் சாலை நடுவிலும் வேலியோரத்திலும் வைத்துத் தள்ளினார்கள். குஜராத் 2023இல் இதை நடத் தடைவிதித்தது, தமிழ்நாடும் 2025இல் அவ்வழிக்கு வந்தது. புங்கை, பூவரசு, மகிழம், நாவல், நீர்மருது, புன்னை என்று பட்டியல் நம்மிடமே இருக்கிறது. மின்கம்பிக்குக் கீழே என்றால் மந்தாரையும் பன்னீர் மரமும் போதும். அங்கே புங்கையை நட்டுவிட்டு, மழைக்கு முன் மின்வாரியத்தார் கிளையை வெட்டும்போது கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

நடும் காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதம் கன்றைத் தாங்கிக்கொள்ளும். மாசி பிறந்ததும் பொறுப்பு மனிதர்களுடையது. வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் என்பது கேட்கச் சின்ன விஷயம். நாற்பது கன்று, அக்னி நட்சத்திரம், போர்வெல் வறண்டு வீட்டுக்கே தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கும் தெரு என்று சேர்த்துப் பாருங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்தும், அரிசி கழுவிய நீரைக் கேனில் சேர்த்தும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு அந்தக் கேனைத் தூக்கிவரும் பெரியவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஒரு மாநகராட்சியின் பசுமை அவர்கள் முழங்காலை நம்பி இருக்கலாமா? முதல் கோடை உற்சாகத்தில் போய்விடும். இரண்டாவது கோடையில் பாதிப் பேர் வருவார்கள். வேர் ஆழம் பிடிக்கும் மூன்றாவது கோடையைத் தாண்டிவிட்டால் நம் மரங்கள் தாமே நின்றுகொள்ளும். காடு மற்றும் மரப் பரப்பை 23.8 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்கும் இலக்கோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது 2022 செப்டம்பரில். இத்தகைய திட்டங்கள் எத்தனை கன்று நட்டோம் என்று அறிவிப்பதோடு, மூன்றாவது கோடைக்குப் பிறகு எத்தனை நிற்கின்றன என்று தெருவாரியாக அறிவித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இந்தப் பகுதியின் அழகு என்று பேசினால் ஏரிகளைத் தாண்டிப் பேச முடியாது. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, இந்தச் சங்கிலியில் எங்கெல்லாம் அடைத்திருக்கிறோம் என்பதைத் தண்ணீரே வீட்டுக்குள் வந்து காட்டியது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தது. அந்தக் கோடையில் சிட்லபாக்கத்து மக்கள் ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற தங்கள் அமைப்பின் முன்னெடுப்பில் வறண்ட ஏரிக்குள் இறங்கினார்கள். தங்கள் கைக்காசும் உழைப்பும் போட்டு ஆரம்பித்த அந்த வேலை அரசின் கண்ணைத் திறந்தது. ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்த ஏரியைத் தன்னார்வலர்களால் மட்டும் மீட்டிருக்க முடியாது, அவர்கள் இறங்கியிராவிட்டால் பணமும் வந்திருக்காது.

செம்பாக்கம் ஏரி வேறு வழியில் மீண்டது. ஏறக்குறைய 100 ஏக்கர் பரப்பு. சுற்றுப்புறத் தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இல்லாததால் கழிவுநீர் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரியில் கலந்து, ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிக்கிடந்தது. ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ அமைப்பு, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை அரசுத் துறைகளோடு சேர்ந்து அதைச் சீரமைக்கும் பணியில் இறங்கின. தூர்வாருவதோடு நிற்காமல், வந்து சேரும் கழிவுநீரை என்ன செய்வது, பறவைகளுக்கு எந்த ஆழம் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்த திட்டம் அது. நடைபாதையும் வண்ணவிளக்கும் போட்டு ஏரியைக் கிண்ணம்போல் ஆக்குவதைவிட, விளிம்பில் நாணலும் சேறும் விட்டுவைப்பது அழகு குறைந்ததாகத் தோன்றலாம். நீலத்தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் வேண்டியது அந்தச் சேறுதான். பக்கத்துக் கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் முயற்சிக்காகச் சூழலியல் ஆர்வலர் அருண் கிருஷ்ணமூர்த்தி 2012இல் ரோலெக்ஸ் விருது பெற்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஏரிச் சங்கிலியில் இளைஞர்களும் விஞ்ஞானிகளும் குடியிருப்போரும் ஆளுக்கொரு கண்ணியைப் பிடித்திருப்பது புரியும். இடையிடையே யாரும் பிடிக்காத கண்ணிகள் இருக்கின்றன. கழிவுநீர் அவற்றின் வழியாக இறங்குகிறது.

யாருக்கான அழகு என்பதையும் கேட்டாக வேண்டும். பூங்காவுக்குப் பூட்டுப் போட்டு, காலையும் மாலையும் நடைப்பயிற்சிக்கு மட்டும் திறக்கும் சங்கங்கள் இருக்கின்றன. மதிய வெயிலில் நிழல் தேவைப்படுவது கட்டட வேலைக்கு வந்தவருக்கும், இஸ்திரி வண்டிக்காரருக்கும், உணவு கொண்டுவரும் இளைஞருக்கும்தான். அந்த நேரத்தில் கதவு மூடியிருக்கிறது. ஏரியைக் காப்போம் என்ற குரல், கரையோரக் குடிசைகள் விஷயத்தில் உரக்கவும், ஏரிக்குள் எழுந்த மாடிக் கட்டடங்கள் விஷயத்தில் மெல்லவும் ஒலிக்கிறது. இது நம் ஊர்ப்பெருமைக்கு அழகில்லை. தெருவை உண்மையில் அழகாக வைத்திருக்கும் தூய்மைப் பணியாளர்களை மகளிர் தினத்தன்று மேடையேற்றிச் சால்வை போர்த்துவதோடு நிறுத்தாமல், எந்த முனையில் குப்பை சேர்கிறது, எங்கே செடி நிற்கும் என்று சங்கக் கூட்டத்தில் அவர்களிடம் கேட்டால் பல திட்டங்கள் தோற்காமல் தப்பியிருக்கும்.

நட்டதை யார் பராமரிப்பது என்ற கேள்வியைச் சிங்கப்பூர் நிர்வாகத்தின் வழியாகத் தீர்த்துக்கொண்டது. 1963இல் பிரதமர் லீ குவான் யூ மரம் நட்டுத் தொடங்கிவைத்தது அரசின் இயக்கம். தோட்டங்களை மக்கள் கையில் கொடுக்கும் ‘கம்யூனிட்டி இன் ப்ளூம்’ திட்டம் 2005இல் வந்தது. அரசின் பூங்கா வாரியம் இடம், பயிற்சி, ஆலோசனை தருகிறது. நடுவதும் காப்பதும் குடியிருப்பாளர்கள். ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டங்கள் அப்படி இயங்குகின்றன. அவற்றில் கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்க்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே அதற்கான சட்டகம் இல்லாமல் இல்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, செம்பாக்கம் தனி நகராட்சி என்ற நிலையை இழந்து ஐந்து மண்டலங்களில் ஒன்றானது. அலுவலகக் கதவு தூரமாகிவிட்டது என்ற ஆதங்கம் பல சங்கங்களுக்கு உண்டு. ஆனால் மறு ஆண்டே வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் வந்தன. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நடந்தது இதே மாநகராட்சியின் பம்மலில்தான். மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. பூங்காச் சுவருக்கும் கதவுக்கும் அந்தப் பணத்தைக் கேட்கும் சங்கங்கள், ஒரு போர்வெல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கேட்பது நல்லது.

பகுதி சபையில் செம்பாக்கத்துச் சங்கங்கள் எழுத்தில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் பெரியவை அல்ல. வார்டிலுள்ள ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியலை அளவோடு மண்டல அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். தோட்டம் பராமரிக்க முன்வரும் சங்கத்துக்கு மூன்று ஆண்டுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். சாலை போடும்போதும் வடிகால் வெட்டும்போதும் வேருக்கு ஒரு மீட்டர் விடும் நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்க வேண்டும். மாசி முதல் ஆனி வரை, சுத்திகரித்த கழிவுநீரோடு ஒரு லாரி வாரத்துக்கு இருமுறை தெருத்தெருவாக வர வேண்டும், அதன் ஓட்டுநரின் கைப்பேசி எண் சங்கத்தாரிடம் இருக்க வேண்டும்.